ஐயாயிரம் வெள்ளி சொன்ன படம்

(வீட்டில் உள்ள பழைய பொருள்களுக்கு விலை உண்டா என்பது குறித்த தொலைக்காட்சி அரங்கில், பிரிக்பீல்ட்ஸில் படங்களுக்குச் சட்டம் போடும் தொழில் செய்பவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டு வருகிறேன். சாமி படம், திருமணப் படம், பட்டமளிப்புப் படம், காலமானவர் படம் என்று ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் மேசை வழியாகத்தான் சுவருக்குப் போகிறது. அதனால் பழைய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்ன விலை போகும்?" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

கம்போங் மேடான் என்ற பெயரைக் கேட்டால் 2001 மார்ச் மாதத்தைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேதனையைப் பேச நான் தகுதியானவன் அல்லன். அதே கம்போங் மேடானிலிருந்து என் கடைக்கு வந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பேரச் சொல்லாம பேசுங்கண்ணே" என்றார். அப்படியே செய்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை. தாயும் மகளும் போர்வையில் சுற்றிய நீளமான பொருள் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார்கள். மேசையில் வைத்துப் பிரித்தால், லியனார்டோ டாவின்சியின் 'இறுதி இராவுணவு'. நடுவில் இயேசுநாதர், இருபுறமும் அறுவர் அறுவராகச் சீடர்கள். கத்தோலிக்க வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த அம்மாவின் வீடு இந்து வீடு. முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே இதையும் மாட்டியிருந்தார்களாம். நம் வீடுகளில் இது புதுமை ஒன்றுமில்லை.

ஆனால் இது சாதாரணப் படம் இல்லை. ஜிக்சா என்கிறோமே, ஒரு படத்தை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டிக் கலைத்துவிட்டுத் திரும்பப் பொருத்துகிற விளையாட்டு, அந்த வகை. ஆயிரம் துண்டுகள். பொருத்தி முடித்து, பலகையில் பசை போட்டு ஒட்டி, அலுமினியச் சட்டம் அடித்திருந்தார்கள்.

"அண்ணே, இது ஐயாயிரம் வெள்ளி போகுமாம். உண்மையான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

இந்தப் படம் வீட்டுக்கு வந்த கதையைக் கேட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வெளிநாட்டவர் வீட்டில் அவர் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது, பழைய துணி, சட்டி பானைகளோடு ஒரு பிளாஸ்டிக் பை நிறைய அட்டைத் துண்டுகளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பெட்டி இல்லை. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் கணவருக்கு வேலை நின்றது. மகளுக்குப் பள்ளி இல்லை. அடுக்குமாடி வீட்டில் மூன்று பேர், ஒரு தொலைக்காட்சி, இந்தப் பை.

பெட்டி இருந்தால் அதன் மேல் படம் இருக்கும், அதைப் பார்த்து அடுக்கலாம். இவர்களோ எந்தப் படம் என்றே தெரியாமல் அடுக்கியிருக்கிறார்கள். முதலில் ஒரு கை வந்ததாம். பிறகு ஒரு ரொட்டி, ஒரு தாடி, மறுபடியும் ஒரு கை. பல நாள் கழித்துத்தான், "அப்பா, இது ஏசு சாமி" என்று மகள் கண்டுபிடித்திருக்கிறாள். உலகம் முழுவதும் அந்த ஆண்டு ஜிக்சா விற்பனை எகிறியது. 1930-களின் தொடக்கத்தில், பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த அமெரிக்கர்களுக்காகப் பத்திரிகைக் கடைகளில் வாரம் ஒரு புதிய ஜிக்சா வந்துகொண்டிருந்தது. வேலை இல்லாத கைகளுக்கு எந்த நாட்டிலும் ஏதாவது வேண்டியிருக்கிறது.

2021-இல் அந்தக் கணவர் இறந்துவிட்டார். மகள் எஸ்.பி.எம். முடித்து, பொலிடெக்னிக்கில் இடமும் கிடைத்துவிட்டது. தங்கும் விடுதிக்கும் மடிக்கணினிக்கும் பணம் வேண்டும். அந்த நேரம் பார்த்து, வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் ஒருவர் சுவரில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். "இது இத்தாலிச் சாமான். நூறு வருஷமாவது இருக்கும். ஐயாயிரம் போகும், ஆள் நான் கொண்டு வர்றேன். சான்றிதழ் எடுக்க முந்நூறு வெள்ளி மட்டும் முன்பணம் கொடுங்க" என்றாராம். அந்த அம்மா நூறு வெள்ளி கொடுத்தும் விட்டார்.

நேயர்களே, ஒரு படத்தை மதிப்பிட நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். முகம் நம்மை மயக்கும், முதுகுக்கு அது தெரியாது. இங்கே முதுகில் பலகை. கட்டுமான இடத்தில் கிடைக்கும் ஒட்டுப் பலகை அது. ஆனால் ஓரத்தில் ஒரு துண்டு ஈரத்தில் லேசாக எழும்பியிருந்தது. அதை நகத்தால் தூக்கிப் பார்த்தேன். சாம்பல் நிற அட்டை.

இந்த விளையாட்டு பிறந்தது மரத்தில். 1760-களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், தேசப் படத்தை மகாகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்துப் பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடமாக விற்றார். அதன் பிறகு நெடுங்காலம் இது கையால் இழைவாளைக் கொண்டு அறுக்கும் பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒருவர் அறுத்தது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அட்டைத் துண்டு அப்படியில்லை. எஃகுத் தகடுகளை வளைத்துச் செய்த ஓர் அச்சை இயந்திரம் ஒரே அழுத்தாக அழுத்த, ஆயிரம் துண்டும் ஒரே நொடியில் விழும். அதே அச்சைக் கொண்டு அடுத்த நிமிடம் பூனைக்குட்டிப் படத்தையும் வெட்டுவார்கள். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுப் புதிர்களில், மோனா லீசாவின் மூக்குத் துண்டு பூனைக்குட்டியின் காதில் கச்சிதமாகப் பொருந்திவிடுவதும் உண்டு.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. நல்லது ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால், பழைய படம் வைத்திருக்கும் வீட்டுக்கு அதுவே பாதி நிபுணர். இன்றைய ஆப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை தவறாமல் சின்னச் சின்னப் பூப்போலக் கூடியிருக்கும். இந்தப் படம் முழுக்க அந்தப் பூக்கள்தான்.

அந்த அம்மா மெல்ல, "அண்ணே, கீழே நடுவுல ஒரு கறை இருக்கு பாருங்க. வாசல் மாதிரி. அதனால விலை குறையுமா?" என்று கேட்டார்.

இயேசுநாதருக்கு நேர் கீழே, மேசை விரிப்புக்கு அடியில், வளைவாக ஒரு வெற்றிடம் தெரிகிறது. அது அச்சுப் பிழை அல்ல. அது உண்மையிலேயே ஒரு வாசல்தான்.

இந்த ஓவியம் இத்தாலியின் மிலான் நகரில், சாந்தா மரியா டெல்லே கிராட்சி மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. 1495-ஐ ஒட்டித் தொடங்கி 1498 வாக்கில் முடித்தார் லியனார்டோ. உயரம் நாலரை மீட்டருக்கு மேல், அகலம் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். சுவர் ஓவியம் என்றால் ஈரச் சுண்ணத்தில் வேகமாகத் தீட்ட வேண்டும், காய்ந்ததும் நிறம் சுவரோடு சேர்ந்துவிடும். லியனார்டோவுக்கு வேகம் ஒத்துவராது. யோசித்து யோசித்துத் திருத்துகிறவர். அதனால் காய்ந்த சுவரிலேயே தீட்டினார். அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652-இல் மடத்தார் சமையலறைப் பக்கம் போகும் வழியைப் பெரிதாக்க, அந்தச் சுவரிலேயே வாசலை வெட்டினார்கள். இயேசுநாதரின் பாதங்கள் அதோடு போயின. பின்னர் வாசலை அடைத்தார்கள். பாதங்கள் திரும்பி வரவில்லை. 1943 ஆகஸ்டில் விமானக் குண்டு விழுந்து அந்தக் கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்தன. மணல் மூட்டை அடுக்கிக் காத்திருந்ததால் இந்தச் சுவர் நின்றது.

இதற்கிடையே பலமுறை யாராவது வந்து, 'சரி செய்கிறேன்' என்று மேலே வண்ணம் பூசிவிட்டுப் போனார்கள். கடைசியாக, பினின் பிரம்பில்லா பார்சிலோன் என்ற பெண்மணியின் தலைமையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999-இல் முடிந்தது. பிறர் பூசிய வண்ணத்தையும் அழுக்கையும் விரல்கடை விரல்கடையாக நீக்கினார்கள். லியனார்டோவின் வண்ணம் முற்றிலும் போய்விட்ட இடங்களில் புதிதாக வரையவில்லை. பார்த்தாலே வேறு என்று தெரியும்படி வெளிறிய நீர்வண்ணம் மட்டும் பூசினார்கள். அதுவரை இருட்டாகவும் பழுப்பாகவும் தெரிந்த படம் அதன் பிறகு வெளிச்சமாயிற்று. மேசையில் உள்ள தட்டுகளும் உணவும்கூடத் துலங்கின.

இப்போது நம் மேசைக்கு வருவோம். அந்த அம்மா கொண்டு வந்ததில் இருப்பது அந்த வெளிறிய, வெளிச்சமான படம். சீரமைப்பு முடிந்த பிறகு எடுத்த புகைப்படத்திலிருந்து அச்சடித்தது. ஆகவே 1999-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. நூறு வருஷம் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. ஓர் ஆளின் பொய்யை அந்தப் படமே பிடித்துக் கொடுத்துவிட்டது.

"அப்ப எவ்ளோதான் போகும்?"

இப்படிக் கேட்கும்போது பொய் சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் சொன்னேன். "புதுசா பெட்டியோட வாங்கினாலே இது நூறு வெள்ளிக்கு முன்னப்பின்னதாம்மா. ஒட்டாம, துண்டு குறையாம இருந்தா பழைய சாமான் சந்தையில இருபது, முப்பது கிடைக்கும். பசை போட்டு ஒட்டிட்டா திரும்பக் கலைச்சு விளையாட முடியாது. அதனால விக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதிக்கு எப்போது விலை வரும்?

மூலப் படத்தின் புகழ் பிரதியின் விலையில் சேராது. இதைத்தான் பழைய சாமான் வியாபாரத்தில் ஏமாற்றுகிறவர்கள் மறைக்கிறார்கள். "டாவின்சி படம்" என்று சொன்னதும் நம் கண்ணுக்குக் கோடிகள் தெரிகின்றன. பிஸ்கட் டின்னிலும் மோனா லீசா இருக்கிறாள். அந்த டின்னுக்கு விலை உண்டென்றால் அது டின்னின் வயதுக்கும் அரிதான தன்மைக்கும்தான். ஜிக்சாவிலும் அப்படியே. மரத்தில் கையால் அறுத்தது, துண்டு குறையாதது, பழைய பெட்டியோடு இருப்பது என்றால் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் என்ன படம் இருக்கிறது என்பது பிறகுதான்.

அதற்காகப் பிரதி என்றாலே குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். இயேசுநாதரின் பாதங்கள் போய்விட்டன என்றேன் அல்லவா? அவை எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரியும். லியனார்டோவின் வழிவந்த ஜாம்பியெத்ரீனோ என்ற ஓவியர் 1520 வாக்கில் துணியில் பெரிய அளவில் ஒரு பிரதி எடுத்திருந்தார். இலண்டன் ராயல் அகாடமிக்குச் சொந்தமான அந்தப் பிரதியில் பாதங்கள் இருக்கின்றன. யூதாசின் கை தட்டிக் கவிழ்த்த உப்புக் கிண்ணமும் தெளிவாக இருக்கிறது. மூலத்தில் அழிந்துபோனதைப் பிரதி வைத்திருக்கிறது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா அருகே மலவ்லிக்குப் போய், ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறியது. அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் நம் ஆட்களின் தகரப் பெட்டிகளில் கப்பல் ஏறித் தோட்டத்து லயங்களுக்கும் வந்திருக்கின்றன. அவையும் பிரதிகள்தான். ஆனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து அச்சடித்தவை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒழுங்கான புள்ளிப் பூக்கள் தெரியாது, மணல் தூவியது போல ஒழுங்கில்லாத பொட்டுகள் தெரியும். சிலவற்றில் சாமியின் புடவைக்கு மேல் உண்மையான துணியும் சரிகையும் வைத்துத் தைத்திருப்பார்கள். 1950-கள், 60-களில் சிவகாசியில் அச்சான கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சாமி படங்களையும் இன்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லச்சுப் படங்களின் கீழ் ஓரத்தில், வெள்ளை இடத்தில், அச்சகத்தின் பெயரும் படத்தின் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கும். அதுதான் அந்தப் படத்தின் பிறப்புச் சான்றிதழ். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கத்தியை எடுத்து அந்த ஓரத்தை வெட்டி எறிவேன். "பழைய எழுத்து எதுக்கு, அசிங்கமா இருக்கு" என்று வாடிக்கையாளர்களும் சொல்வார்கள். எத்தனை படங்களை அப்படிக் கெடுத்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது யாராவது ஓரம் வெட்டிய படத்தை விலை கேட்டு எடுத்து வந்தால், வெட்டிய கோடு நேராக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். என் வெட்டு நேராகத்தான் இருக்கும்.

ஓரம் வெட்டாதீர்கள். பழைய சட்டத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தால், பின்பக்கத்து அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கடையின் முத்திரை, தேதி, யார் யாருக்குக் கொடுத்தது என்றுகூட எழுதியிருக்கலாம். சமையலறைச் சுவரிலும், மழை அடிக்கும் வெளிச்சுவரிலும், வெயில் நேராக விழும் இடத்திலும் மாட்ட வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது சாமியின் முகம் கண்ணாடியோடு போய்விடும். நடுவில் ஓர் அட்டைச் சட்டம் கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். செலவு அதிகமில்லை.

அந்த முந்நூறு வெள்ளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பொருளை வாங்க வருகிறவர் உங்களுக்குப் பணம் தருவார். உங்களிடம் பணம் கேட்கிறவர் வாங்க வந்தவரே அல்லர். சான்றிதழ், பதிவு, போக்குவரத்து என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அப்படித்தான். அந்த அம்மாவை என் கடையிலிருந்தே அந்த ஆளைக் கூப்பிடச் சொன்னேன். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மறுமுறை கூப்பிட்டபோது அடைத்து வைக்கப்பட்டிருந்தது. போலீசில் புகார் கொடுக்கச் சொன்னேன். "நூறு வெள்ளிக்கு ஒரு நாள் வேலையை விடணுமாண்ணே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுப்பதுதான் சரி. அடுத்த மாடியில் இன்னொரு அம்மா இருப்பார்.

படத்தைத் திரும்பச் சுற்றப் போனார்கள். அப்போதுதான் மேசை விரிப்பில் ஒரு துண்டு மட்டும் மினுக்கமில்லாமல் இருப்பது கண்ணில் பட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புள்ளிப் பூ இல்லை. மெழுகு வண்ணக் கோல் தீட்டிய கோடுகள். ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. பின்னணிச் சுவரின் இருட்டிலும் அதே மாதிரி இன்னொன்று.

"பையில ரெண்டு துண்டு இல்லண்ணே. மைலோ பெட்டியை வெட்டி அவர்தான் செஞ்சு வச்சார்" என்றார் அந்த அம்மா.

மிலானில் அந்தச் சீரமைப்பாளர்கள் இருபது ஆண்டு யோசித்து என்ன செய்தார்களோ, அதையேதான் கம்போங் மேடானில் லாரி வேலைக்காரர் ஒருவரும் செய்திருக்கிறார். இல்லாத இடத்தை அடைத்திருக்கிறார், அடைத்தது தெரியும்படியும் விட்டிருக்கிறார். "அச்சு அசலா அதே நிறத்துல புதுத் துண்டு செய்ய முடியுமா?" என்று அந்த அம்மா கேட்டார். முடியும். என் மேசையிலேயே செய்யலாம். "வேண்டாம்மா, இதைத் தொட வேண்டாம்" என்றேன்.

அதற்குள் மகள் என் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அம்மா, சுவத்துல இருக்கறதுதான் அப்பா செஞ்சது. இந்த மேசைத் துண்டு நான் செஞ்சது. அப்பா வெட்டுனது பொருந்தல, தூக்கிப் போட்டுட்டாரு" என்றாள்.

அந்த அம்மாவுக்கு அது அன்றுவரை தெரியாதாம்.

எழும்பிய துண்டை மட்டும் ஒட்டி, இடைவெளி விட்டுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். படம் இப்போது பழைய இடத்திலேயே இருக்கிறது. பெண் பொலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். மடிக்கணினிக்காகத் தாயின் கைச்சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. கண்ணாடிக்குப் பணம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. இருபது வெள்ளியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டிலிருந்து படம் எடுத்து வந்திருப்பவர்கள், ஓரம் வெட்டாமல் இருந்தால், முன்னால் கொண்டு வாருங்கள். பார்க்கிறேன்.